தங்கை லேசர் கண் மருத்துவராகப் போகிறாள், வீடியோவில் பேசச் சொல்கிறார்கள். சரியா?

#1 நிழல்வெளி

எல்லோருக்கும் வணக்கம். என் தங்கை கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்துவிட்டு, கருவிழி (கண்ணின் முன்னால் இருக்கும் தெளிவான படலம்), பார்வைத் திருத்த அறுவை இரண்டிலும் ஃபெலோஷிப் செய்துகொண்டிருக்கிறாள். இன்னும் சில மாதங்களில் முடிந்துவிடும். சுருக்கமாகச் சொன்னால் கண்ணாடியைக் கழற்ற வைக்கும் லேசர் வேலை. ஒரு தனியார் மையத்தில் கூப்பிட்டிருக்கிறார்கள். நல்ல இயந்திரம், நல்ல சம்பளம். ஆனால் நேர்காணலில் அறுவையைப் பற்றிப் பத்து நிமிடம்தான் பேசினார்களாம். மீதி நேரம் முழுக்க "கேமரா முன்னால் கூச்சமில்லாமல் பேச வருமா, வாரம் இரண்டு ரீல்ஸ் போட முடியுமா, பிரபலங்கள் வந்தால் கூட நின்று படம் எடுத்துக்கொள்வீர்களா" என்றுதான் கேட்டார்களாம்.

வீட்டில் ஒரே விவாதம். "கண்புரை அறுவை பண்ணு, பெரியவர்கள் வாயார வாழ்த்துவார்கள், விளம்பரம் எதற்கு" என்கிறார் அம்மா. தங்கைக்கு லேசர்தான் பிடித்திருக்கிறது. எனக்கு இரண்டு கேள்விகள். இந்தத் துறையில் மட்டும் மருத்துவர்கள் ஏன் இவ்வளவு வெளியே தெரிகிறார்கள்? அப்படிப் பொதுவெளிக்கு வந்தவர்களின் வாழ்க்கை எப்படிப் போயிற்று? துறைக்குள் இருப்பவர்கள் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

#2 குறுக்குக்கேள்வி

முதல் கேள்விக்கு என்னிடம் விடை இருக்கிறது. குடல்வால் வெடித்தவன் மருத்துவரின் ரீல்ஸைப் பார்த்துவிட்டுப் போவதில்லை, எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே ஓடுகிறான். லேசருக்குப் போகிறவன் நோயாளியே இல்லை. அவனுக்கு வேண்டிய மருந்து ஏற்கெனவே மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றச் சொல்ல வேண்டுமென்றால் யாராவது சிரித்த முகத்தோடு வந்து ஆசை காட்டத்தான் வேண்டும். உங்கள் தங்கையைக் கேட்டது அந்த முகத்துக்காக. கைக்காக இல்லை.

#3 பழைய கண்ணாடி

குறுக்குக்கேள்வி எப்போதும் போலக் காரமாகச் சொல்கிறார். பாதி உண்மை. மீதியை நான் சொல்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட். 19 வருடமாக லேசருக்கு வருபவர்களின் கண்ணை அளந்து உள்ளே அனுப்புவதுதான் என் வேலை. வெளியில் இருப்பவர்கள் லேசர் மருத்துவரின் திறமை முழுக்க லேசர் அறையில் இருப்பதாக நினைக்கிறார்கள். கதிர் கண்ணில் ஓடும் நேரம் பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. கண் அசைந்தால் இயந்திரமே பின்தொடர்கிறது, அளவு மீறினால் நின்றுவிடுகிறது. அதற்கு முந்தைய இரண்டு மணி நேர அளவெடுப்பில்தான் எல்லாமே தீர்மானமாகிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். கருவிழியின் நடுத்தடிமன் சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டத்தில் 1 டயாப்டர் (கண்ணாடிப் பவரின் அலகு) கிட்டப்பார்வையைக் குறைக்க ஏறக்குறைய 12 மைக்ரான் செதுக்க வேண்டும். லேசிக் என்றால் மேலே மடல் மாதிரித் திறக்கும் பகுதிக்கு ஒரு 110 மைக்ரான் போய்விடும். இரண்டும் போக அடியில் குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. கவனமானவர்கள் இப்போது 300 வரை வைத்துக்கொள்கிறார்கள். 8 பவர் உள்ளவருக்கு 96 மைக்ரான் செதுக்கினால் 540-இல் 334 மிஞ்சும். கவலை இல்லை. அதே 8 பவர், ஆனால் கருவிழி 470 மைக்ரான்தான் என்றால்? மிஞ்சுவது 264. காகிதத்தில் தேறிவிட்டார். ஆனால் நல்ல மருத்துவர் அங்கேதான் பேனாவைக் கீழே வைப்பார்.

தடிமன் மட்டும் இல்லை. கருவிழி கூம்பு மாதிரிப் பிதுங்கத் தொடங்கும் கெரட்டோகோனஸ் என்ற நோய் இருக்கிறது. ஆரம்பத்தில் நோயாளிக்கே தெரியாது. கருவிழியின் வடிவத்தைக் காட்டும் டோப்போகிராஃபி வரைபடத்தில் கீழ்ப்பக்கம் லேசாக ஒரு சிவப்புச் சாய்வு தெரியும், அவ்வளவுதான். அந்தக் கண்ணில் லேசர் வைத்தால் பலவீனமான சுவரை இன்னும் சுரண்டிய கதை. கண்ணை ஓயாமல் கசக்குகிறாரா, பவர் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறதா, கண் வறட்சி இருக்கிறதா என்று எல்லாம் கேட்க வேண்டும்.

நான் அதிகம் மதித்த மருத்துவர் ஒருவர் இருந்தார். ஒரு பையனுக்கு நான்கு முறை அளவெடுத்துப் பார்த்துவிட்டு "உனக்கு வேண்டாம்" என்று அனுப்பினார். அவன் வேறொரு இடத்தில் செய்துகொண்டு, அந்த இடத்தை வாழ்த்தி இணையத்தில் ஐந்து நட்சத்திரம் போட்டான். எங்கள் மருத்துவருக்கு "பயந்தாங்கொள்ளி" என்று ஒரு நட்சத்திரம். வேண்டாம் என்று சொன்னதற்காக நன்றிக் கடிதம் வந்து நான் இதுவரை பார்த்ததில்லை. ஒரு மருத்துவர் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்பதை எந்த ரீல்ஸிலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் நான் ஒருவரை எடை போட அந்த எண்ணைத்தான் முதலில் கேட்பேன்.

#4 அலைநீளம்

நான் இயற்பியல்காரன். இந்தத் துறையின் பிறப்பே ஒரு வேடிக்கை என்பதால் உள்ளே வருகிறேன்.

இதைத் தொடங்கி வைத்தவர் கண் மருத்துவரே இல்லை. 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்து அமெரிக்கா போன ரங்கசாமி ஸ்ரீனிவாசன். ஐபிஎம் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம் இருவரோடும் வேலை செய்தார். 193 நானோமீட்டர் புறஊதா எக்ஸைமர் லேசர் பிளாஸ்டிக்கை அழகாகச் செதுக்குவதைப் பார்த்திருந்தார்கள். உடல் திசுவில் வைத்தால் என்ன ஆகும்? 1981 நவம்பர் 27, அமெரிக்கர்களின் நன்றி நவிலல் நாளுக்கு மறுநாள், விருந்தில் மிஞ்சிய வான்கோழியின் எலும்பையும் குருத்தெலும்பையும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போய் லேசரைச் சுட்டார் ஸ்ரீனிவாசன். கருகலே இல்லை, கத்தியால் கீறியதைவிடச் சுத்தமான பள்ளம். பச்சை நிற லேசரை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது அது திசுவைக் கருக்கியது. புறஊதாவின் ஆற்றல் மூலக்கூறுப் பிணைப்பையே அறுத்துத் தூக்கி எறிந்துவிடுவதால் பக்கத்துத் திசுவுக்குச் சூடு பரவ நேரமே இருப்பதில்லை.

கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கெல் இதைக் கேள்விப்பட்டு வந்து ஸ்ரீனிவாசனோடு சேர்ந்து கருவிழியில் சோதித்தார். 1983-இல் கட்டுரை வந்தது. 1988-இல் மார்கரீட் மெக்டொனால்ட் என்ற பெண் மருத்துவர், பார்வையுள்ள ஒரு மனிதக் கண்ணில் முதன்முதலாக இதைச் செய்தார். அந்த நோயாளிக்குக் கண்குழியில் புற்றுநோய். எப்படியும் கண்ணை எடுத்தாக வேண்டும். "எடுப்பதற்கு முன்னால் அதில் செய்து பாருங்கள்" என்று அவராகவே முன்வந்தார். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த மனிதர் அந்த நோயாளிதான். அவர் எந்த மேடையிலும் ஏறவில்லை.

மூன்று ஐபிஎம்காரர்களுக்கும் அமெரிக்க அதிபர் கையால் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் கிடைத்தது 2013-இல். வான்கோழியிலிருந்து பதக்கம் வரை 31 வருடம்.

#5 குறுக்குக்கேள்வி

பதக்கம் வாங்குவதெல்லாம் பொதுவாழ்க்கையா? கேட்டவர் மேடை ஏறியவர்களைப் பற்றிக் கேட்டார். நான் ஒரு ஆளைக் கொண்டுவருகிறேன். ரஷ்யாவின் ஸ்வியாதோஸ்லாவ் ஃபியோதரவ்.

விமானி ஆக வேண்டும் என்று பயிற்சியில் சேர்ந்தவர், டிராம் விபத்தில் ஒரு பாதத்தை இழந்ததால் மருத்துவத்துக்கு வந்தார். 1960-இல் சோவியத் நாட்டில் முதல் செயற்கைக் கண்வில்லையைப் பொருத்தினார். மேலிடத்தில் திட்டு வாங்கினார். 1970-களில் கருவிழியில் ஆரக்கால் மாதிரிக் கீறல் போட்டுக் கிட்டப்பார்வையைக் குறைக்கும் முறையைப் பரப்பினார். கண்ணாடி உடைந்து கண்ணில் குத்திய ஒரு பையனுக்கு, காயம் ஆறியதும் பார்வை முன்பைவிடத் தெளிவானதைப் பார்த்ததும்தான் இந்த யோசனை வந்தது என்பது அவரே சொன்ன கதை.

அப்புறம்தான் கூத்து. நோயாளிகளை வட்டமாகச் சுழலும் கட்டில்களில் படுக்க வைத்து, ஒவ்வொரு மருத்துவரும் ஒரே ஒரு படியை மட்டும் செய்யும் அறுவைக்கூடம். கார் தொழிற்சாலையேதான். 1986-இல் அரசே அவருக்குத் தனி நிறுவனம் கொடுத்தது. கிளைகள், ஓட்டல், கப்பலில் மிதக்கும் மருத்துவமனை என்று போனார். சோவியத் காலத்திலேயே ஊழியர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்தார். கட்சி தொடங்கினார், நாடாளுமன்றம் போனார், 1996-இல் அதிபர் தேர்தலிலேயே நின்றார். வாங்கியது 1 விழுக்காட்டுக்கும் கீழேதான், ஆனால் அதே தேர்தலில் நின்ற கோர்பச்சேவைவிட அதிகம்! 2000 ஜூனில் தன் நிறுவனத்தின் ஹெலிகாப்டர் விழுந்து இறந்துபோனார்.

வீடியோவுக்கே கூச்சப்படும் தங்கைக்கு இந்த ஆளைக் காட்டுங்கள்.

#6 அலைநீளம்

ஃபியோதரவ் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு திருத்தம். ஒன்று, அவர் புகழ்பெற்றது வைரக் கத்தியால், லேசரால் இல்லை. இழையின் தலைப்பு லேசர் மருத்துவர்.

இரண்டாவதுதான் முக்கியம். அந்தக் கீறல் முறைக்கு என்ன ஆயிற்று என்று நீங்கள் சொல்லவில்லை. அமெரிக்காவில் அதை எடுத்து, நோயாளிகளை 10 வருடம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 1994-இல் வந்தது. 43 விழுக்காட்டுக் கண்களில் பார்வை தூரப்பார்வைப் பக்கம் 1 டயாப்டரோ அதற்கு மேலோ நகர்ந்திருந்தது. கீறல்கள் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்துகொண்டே இருந்திருக்கின்றன. 1996-இல் எவரெஸ்ட்டில் மாட்டிக்கொண்ட பெக் வெதர்ஸ் என்ற மலையேற்றக்காரரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இந்த அறுவையைச் செய்துகொண்ட கண் உயரத்தில் ஆக்சிஜன் குறைந்ததும் மங்கிப்போய், உச்சிக்குப் போக முடியாமல் வழியிலேயே நின்றுவிட்டார். அவரும் ஒரு மருத்துவர்தான்.

அதற்கும் முன்னால் ஜப்பானில் சாத்தோ என்பவர் கருவிழியின் உள்பக்கமும் கீறினார். அந்த உள்பக்க உயிரணுக்கள் போனால் திரும்ப வளராது, கருவிழியைத் தெளிவாக வைத்திருப்பதே அவைதான் என்பது அன்று யாருக்கும் தெரியாது. இருபது வருடம் போல நன்றாக இருந்தவர்களின் கருவிழி அப்புறம் வீங்கி மங்கியது.

கண்ணில் பின்விளைவு தெரிய 10, 20 வருடம் ஆகிறது. மருத்துவருக்குக் கைத்தட்டல் மறுநாள் காலையிலேயே கிடைத்துவிடுகிறது. கட்டைப் பிரித்ததும் சுவர்க் கடிகாரத்தைப் படித்துவிட்டு அழாதவர் யார்? ரீல்ஸில் வருவது அந்தக் காலைதான்.

#7 இரவுப்பயணி

இங்கே இதுவரை படித்துக்கொண்டுதான் இருந்தேன். அலைநீளத்தின் கடைசி வரிகளைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் காலை எனக்கும் இருந்தது. லேசிக் செய்து 11 வருடம் ஆகிறது. செய்த இடத்தின் பெயர் வேண்டாம். மறுநாள் வாசலிலேயே கேமரா வைத்துப் பேசச் சொன்னார்கள், பேசினேன், அழுதேன். அந்த வீடியோ இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். பகலில் இன்றும் 6/6 தெரிகிறது. இரவில்தான் சிக்கல். எதிரே வரும் ஒவ்வொரு விளக்கைச் சுற்றியும் ஒரு வட்டம், அந்த வட்டத்திலிருந்து ஊசி ஊசியாகக் கதிர்கள். முதல் வருடம் "போகப் போகச் சரியாகும்" என்றார்கள். கொஞ்சம் சரியாயிற்று, முழுக்க இல்லை. கண் வறட்சிக்குச் சொட்டு மருந்து சட்டைப்பையில் இல்லாமல் நான் வெளியே போவதில்லை.

குருடாகவில்லை, வேலைக்குப் போகிறேன், இதைப் பேரழிவு என்று சொல்ல மாட்டேன். எனக்கு வலித்தது வேறு. மூன்றாவது முறை போனபோது என்னை வைத்து வீடியோ எடுத்த மருத்துவர் என்னைப் பார்க்கவே வரவில்லை. ஒரு இளையவரை அனுப்பினார். சார்ட்டில் 6/6 என்று இருந்தது, "எல்லாம் நன்றாக இருக்கிறதே" என்று அந்தப் பிள்ளை சொன்னது. என் பாவை (கருவிழிக்குப் பின்னால் ஒளி நுழையும் துளை) இரவில் பெரிதாக விரியும் வகை என்பதை யாரும் அறுவைக்கு முன்னால் என்னிடம் பேசவில்லை. நான் இரவில் நிறைய ஓட்டுகிறவன் என்பதையும் யாரும் கேட்கவில்லை.

நிழல்வெளி, தங்கை வீடியோவில் பேசட்டும். தப்பில்லை. மூன்றாவது முறை வருகிறவரை யார் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

#8 குறுக்குக்கேள்வி

இதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன். 2008-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பொது விசாரணை வைத்து இரவுப்பயணி மாதிரி ஆட்களைக் கூப்பிட்டுக் கேட்டது. லேசிக்குக்கு அனுமதி கொடுத்த காலத்தில் அங்கே பொறுப்பில் இருந்த அதிகாரி மோரிஸ் வாக்ஸ்லர், ஓய்வு பெற்ற பிறகு 2011-இல் தன் பழைய அலுவலகத்துக்கே எதிராக மனுப் போட்டார். ஆக இந்தத் தொழிலே ஒரு மோசடி

#9 மட்டுறுத்துநர்

குறுக்குக்கேள்வியின் பதிவில் கடைசி வாக்கியத்தின் மீதியை நீக்கியிருக்கிறேன். ஒரு துறை முழுவதையும் அப்படித் திட்டுவது இங்கே வேண்டாம். தொடருங்கள்.

#10 ஏழாவது தையல்

கருவிழி அறுவையும் லேசரும் செய்கிறேன். பெயர் சொல்லாமல் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இரவுப்பயணி, நீங்கள் எழுதியதைப் படிக்கக் கஷ்டமாக இருந்தது. சார்ட் சொல்வதை நம்பி நோயாளி சொல்வதை விட்டுவிடுவது எங்கள் துறையின் பழைய வியாதி. அந்த மனு நிராகரிக்கப்பட்டது, ஆனால் அந்த விசாரணையால் ஒரு நல்லது நடந்தது. நோயாளிகளையே கேள்வித்தாளில் எழுத வைத்து அரசு ஓர் ஆய்வு செய்தது. முடிவு 2017-இல் வெளியானது. அறுவைக்கு முன் ஒளிவட்டம், கூச்சம் மாதிரி எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேல் மூன்றாவது மாதத்தில் ஏதாவது ஒன்று புதிதாக இருப்பதாகச் சொன்னார்கள். வறட்சியே இல்லாதவர்களில் சுமார் 28 விழுக்காட்டினருக்கு அது புதிதாக வந்திருந்தது. அதே சமயம் பார்வைத் தொந்தரவுகளால் அன்றாட வேலை மிகவும் சிரமமானது என்றவர்கள் 1 விழுக்காட்டுக்கும் கீழே. 95 விழுக்காட்டுக்கு மேல் திருப்தி என்றார்கள். குறுக்குக்கேள்வி முதல் எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார், விளம்பரம் கடைசி எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளும். எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் நான் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். சொன்னால் பத்துப் பேரில் ஒருவராவது "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து போகிறார். போகட்டும்.

சரி, தங்கை தெரிந்துகொள்ள வேண்டிய தொழில் வாழ்க்கை. காலையில் முதல் வேலை இயந்திரத்தோடுதான். பிளாஸ்டிக் தகட்டில் சுட்டுப் பார்த்து ஆற்றலைச் சரிபார்க்க வேண்டும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் குறித்த அளவைத் தாண்டக் கூடாது. வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு யாரும் உள்ளே வரக் கூடாது, அந்த ஆவி கதிரைப் பாதிக்கும். நோயாளி முழு விழிப்பில் இருப்பார். மயக்கத்தில் இருப்பவரை அறுப்பது ஒரு வித்தை, விழித்திருப்பவரின் பயத்தோடு பேசிக்கொண்டே அறுப்பது வேறு வித்தை. "இப்போது கண்ணில் அழுத்தம் தெரியும், சில நொடி இருட்டாகும், முடி பொசுங்குகிற மாதிரி ஒரு வாசனை வரும், பச்சை விளக்கையே பாருங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அசைய மாட்டார். சொல்ல மறந்தால் துள்ளுவார். ஒரு வகையில் கேமரா முன் பேசுவதைவிட இந்தப் பேச்சுத்தான் கடினம்.

முன்பு மடலைத் தகட்டுக் கத்தியால் வெட்டினோம். இப்போது பெரும்பாலும் ஃபெம்டோசெகண்ட் லேசர், அதாவது மிக மிகச் சிறிய நேரத் துடிப்புகளாக வரும் லேசர். அலைநீளத்துக்குத் தெரிந்திருக்கும், 1990-களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவரின் கண்ணில் தவறுதலாக இந்த லேசர் பட்டுவிட்டது. பரிசோதித்த இளம் மருத்துவர் ரான் கர்ட்ஸ், காயம் இவ்வளவு கச்சிதமாக இருக்கிறதே என்று வியந்து அந்த ஆய்வகத்துக்கே போய் நின்றார். அங்கிருந்துதான் கத்தியில்லா மடல் வந்தது. பிறகு மடலே இல்லாமல் உள்ளே ஒரு மெல்லிய வில்லையைச் செதுக்கிச் சின்ன துளை வழியாக உருவி எடுக்கும் ஸ்மைல் முறையும் வந்துவிட்டது. ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை பழையதை மறந்து புதிதாகப் படிக்க மனது வேண்டும். பெரியவர்கள் யாரும் சொல்லாத இன்னொன்று: கழுத்து. நுண்ணோக்கியில் குனிந்தே இருந்து நாற்பது வயதுக்குள் கழுத்து போய்விடும். கூடவே வெள்ளெழுத்தும் வரும். "நீங்களே கண்ணாடி போட்டிருக்கிறீர்களே டாக்டர்" என்று தினமும் ஒருவராவது கேட்பார். அதற்கு ஒரு நல்ல பதில் தயாராக இருக்க வேண்டும். என் பதில்: "என்னுடையது பூதக்கண்ணாடி, உங்களைப் பார்ப்பதற்காக."

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். லேசர் மையத்தின் உண்மையான முதலாளி இயந்திரம். அதன் தவணை மாதம் தவறாமல் வரும். பல இயந்திரங்களில் ஒவ்வொரு கண்ணுக்கும் தயாரிப்பாளருக்குத் தனியாகக் கட்டணம் போகும். மாதம் இத்தனை கண் என்று நிர்வாகம் எதிர்பார்ப்பது அதனால்தான், கெட்ட எண்ணம் என்று இல்லை. 264 மைக்ரான் மிஞ்சும் நோயாளி மாதக் கடைசியில் வந்து உட்காரும்போதுதான் மருத்துவருக்குச் சோதனை.

எனவே வேலையை ஒப்புக்கொள்ளும் முன் எழுத்தில் வாங்க வேண்டியவை சில இருக்கின்றன. நோயாளியைத் திருப்பி அனுப்பும் முடிவு மருத்துவருடையது மட்டும்தான், அது மாத இலக்கில் கணக்காகாது. அளவெடுக்கும் ஆளுக்குக் கமிஷன் கிடையாது. அவள் அறுத்த கண்ணை ஒரு வருடமாவது அவளே பார்ப்பாள், இரவுப்பயணிக்கு நடந்தது நடக்கக் கூடாது. வேலையை விட்டுப் போன பிறகு அவளுடைய வீடியோவை ஓட்டக் கூடாது. இந்தக் கடைசியை நான் வாங்காமல் விட்டேன். நான் விட்டு வந்து நான்கு வருடம் ஆன இடத்தில் என் முகம் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறது.

#11 தாழ்வாரம்

ஆண்களின் கதையாகவே போய்க்கொண்டிருக்கிறது, அதனால் ஒருவரைச் சேர்க்கிறேன். பாட்ரிஷியா பாத். நியூயார்க்கின் ஹார்லெமில் 1942-இல் பிறந்தவர், கறுப்பினப் பெண். பயிற்சிக் காலத்தில் ஹார்லெம் மருத்துவமனையிலும் கொலம்பியா பல்கலைக்கழகக் கண் மருத்துவமனையிலும் மாறி மாறி வேலை செய்தபோது, முதல் இடத்தில் பார்வையிழந்தவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு அதிகமாக இருப்பதைக் கவனித்தார். கறுப்பினத்தவரிடம் பார்வையிழப்பு இரண்டு மடங்கு என்று கணக்கெடுத்து எழுதினார். காரணம் மருத்துவம் எட்டாததுதான் என்றார். சமூகக் கண் மருத்துவம் என்ற துறையையே முன்வைத்தார், பார்வையிழப்பைத் தடுக்க 1976-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

யுசிஎல்ஏ என்ற லாஸ் ஏஞ்சல்ஸ் பல்கலைக்கழகத்தின் கண் மருத்துவத் துறையில் முதல் பெண் ஆசிரியராகச் சேர்ந்தபோது, ஆய்வக விலங்குகளின் பக்கத்தில் அடித்தளத்தில் அறை கொடுத்தார்களாம். சண்டை போடவில்லை, "இது பொருத்தமில்லை" என்று மட்டும் சொல்லி வேறு அறை வாங்கினார். கண்புரையை லேசரால் கரைத்து எடுக்கும் கருவியை 1981-இல் யோசித்தார். தேவையான லேசர் ஜெர்மனியில் கிடைத்ததால் அங்கே போய் வேலை செய்தார். காப்புரிமை 1988-இல் வந்தது.

மேடை ஏறினாரா? ஓய்வுக்குப் பின் வாழ்நாள் முழுக்க ஏறினார், 2019-இல் இறக்கும் வரை. பேசியது என்னவோ தன் கருவியைப் பற்றிக் கொஞ்சம், யாருக்குக் கண் மருத்துவம் கிடைக்கவில்லை என்பதைப் பற்றித்தான் நிறைய. நிழல்வெளியின் அம்மா சொன்ன கண்புரையும் இதில் இருக்கிறது, தங்கை கேட்கும் லேசரும் இருக்கிறது.

#12 அலைநீளம்

இன்னொருவர் ஸ்டீவன் ஷால்ஹார்ன். அமெரிக்கக் கடற்படையில் எஃப்-14 போர் விமானி, டாப்கன் என்ற போர் விமானிகள் பள்ளியில் பயிற்றுநர். அப்புறம் மருத்துவம் படித்துக் கண் அறுவைக்கு வந்தார். அந்தக் காலத்தில் கண்ணில் இந்த அறுவை செய்துகொண்டால் விமானியாக முடியாது. இவர் 1993-லிருந்து கடற்படைக்குள்ளேயே ஆய்வுகள் நடத்தி, இரவுப் பார்வை உட்பட அளந்து காட்டினார். விதி மாறியது. 2007-இல் நாசாவும் விண்வெளி வீரர்களுக்கு அனுமதித்தது. மேடையில் ஏறுவதென்றால் கையில் இப்படி ஒரு கோப்போடு ஏற வேண்டும் என்பது என் கட்சி.

#13 குறுக்குக்கேள்வி

மட்டுறுத்துநர் வெட்டியது நியாயம்தான், கோபத்தில் எழுதினேன். ஏழாவது தையலுக்கு ஒரு கேள்வி. நீங்கள் உங்கள் சொந்தப் பிள்ளைக்கு இதைச் செய்வீர்களா?

#14 ஏழாவது தையல்

மூத்தவளுக்குச் செய்தேன், 24 வயதில், பவர் இரண்டு வருடம் அசையாமல் நின்ற பிறகு. இளையவனுக்கு வரைபடம் பிடிக்கவில்லை. கண்ணாடிதான் போட்டிருக்கிறான், என் மேல் கோபமாகவும் இருக்கிறான்.

#15 நிழல்வெளி

எல்லோருக்கும் நன்றி. இழையை முதலிலிருந்து தங்கையிடம் படித்துக் காட்டினேன். இரவுப்பயணி எழுதியதை மட்டும் தானே வாங்கி இரண்டு முறை படித்தாள். ஏழாவது தையல் சொன்ன நிபந்தனைகளை எழுதி அந்த மையத்துக்கு அனுப்பியிருக்கிறாள். மூன்றுக்குச் சரி என்று பதில் வந்திருக்கிறது. வேலையை விட்ட பிறகு வீடியோவை நீக்கிவிடுவது பற்றி மட்டும் "பார்க்கலாம்" என்கிறார்கள். அவளும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். முதல் வீடியோ போட்டால் யாருக்கெல்லாம் லேசர் கூடாது என்பதைத்தான் பேசுவாளாம். அதற்கு அவர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அம்மா பாட்ரிஷியா பாத்தின் படத்தைத் தேடிக் காட்டச் சொன்னார்.

அப்புறம் பழைய கண்ணாடி அவர்களுக்கு ஒரு திருத்தம் சொல்லச் சொன்னாள். அவள் வார்த்தையிலேயே: "அந்த 470 மைக்ரான் கணக்கில் வட்டம் 6 மில்லிமீட்டர் என்று போட்டிருக்கிறார். இரவில் பாவை விரிகிறவருக்கு 6.5 வைக்க வேண்டியிருக்கும். அப்போது ஒரு டயாப்டருக்கு 12 இல்லை, 14 மைக்ரான். 8 பவருக்கு 112. மிஞ்சுவது 264 இல்லை."

#16 பழைய கண்ணாடி

248. சரிதான் அம்மா, திருத்திக்கொண்டேன்.